எழும்பத் தயங்கும் கார்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கி வரும் பெருந்தெரு, கல்லாற்றைக் கடந்ததும் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊரை ஊர் தொட்டுக்கொண்டு செல்கின்றது. ஒரு பக்கம் கடல்; மறு பக்கம் வயல்; இடையே ஒடுங்கிய நிலப்பரப்பில் நெருங்கி வாழும் மக்கள். கடைத்தெருவும் பாடசாலையும் பள்ளிவாசலும் கோயிலும் தெருவோரத்திலேயே அமைந்திருக்கின்றன. துவிச்சக்கர வண்டியும் முச்சக்கர வண்டியும் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரமும் மாடுகளும் ஒரே தெருவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இத்தெருவில் கார் ஓட்டுபவருக்கு மணிக்கு 150 கிலோமீற்றர் வேகம் எக்காலத்திலும் பயன்படப் போவதில்லை. நிற்பதும் எழுவதும், மீண்டும் நிற்பதும் எழுவதுமே அவருடைய பயணம். ஆதலால், குறைந்த வேகத்திலிருந்து கார் எவ்வளவு உறுதியாக எழும்புகின்றது என்பதே இங்கு எஞ்சினின் தகுதிக்கு அளவுகோலாகும்.

அத்தகைய எழுச்சி குன்றிய காரினால் விளையும் இடர் சிறிதன்று. சுமையேற்றிய உழவு இயந்திரமொன்றை முந்துவதற்காக ஓட்டுநர் வலப்புறம் விலகுகின்றார் என்று கொள்வோம். ஆர்முடுகியை, அதாவது எக்சிலரேற்றரை, முழுவதும் மிதித்தும் கார் இரண்டு வினாடி தயங்குகின்றது. எதிரே மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் அவ்விரண்டு வினாடிகளில் ஏறத்தாழ 33 மீற்றர் தூரத்தை விழுங்கிவிடும். மகியங்கனையிலிருந்து கண்டி நோக்கி ஏறும் ‘பதினெட்டு வளைவு’ எனப் பெயர்பெற்ற மலைப்பாதையிலோ, வளைவு தோறும் வேகம் தணிந்து மீண்டும் எழ வேண்டியிருத்தலால், இக்குறை இன்னும் வெளிப்படையாகத் தெரியும்.

இப்பிணி எந்தக் காருக்கும் வரக்கூடும். எனினும் ‘சுப்பர்சார்ஜர்’ பொருத்திய காருக்கு வரும்போது அது ஒரு தனிச் சிக்கலைக் கொண்டுவருகின்றது. பெரும்பாலோர் கை உடனே சுப்பர்சார்ஜரையே சுட்டுகின்றது. “அது பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும்” என்ற தீர்ப்புப் பரிசோதனைக்கு முன்பே வழங்கப்பட்டுவிடுகின்றது. 300 கிலோமீற்றருக்கு மேல் தொலைவிலுள்ள கொழும்புக்கு ஆள் சென்று, பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடி, பழைய வாகனத்திலிருந்து கழற்றிய ஒன்றை விலை பேசிக் கொண்டுவருகின்றார். அதைப் பூட்டிய பின்பும் கார் முன்போலவே தயங்கினால், செலவழித்த பணம் மீள்வதில்லை. 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்படும் வரையிலான காலத்தில், இருக்கின்ற காரைப் பேணிக் காப்பதன்றி மக்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. வழி திறந்த பின்னும் வரியும் விலையும் உயர்ந்து நிற்றலால், பிணியைச் சரியாக அறியும் கலையின் மதிப்புக் குறையவில்லை.

பிணியை அறியுமுன் உறுப்பின் தொழிலை அறிதல் வேண்டும். எஞ்சின் பெற்றோலினால் ஓடுகின்றது என்பது பாதி உண்மையே, மறுபாதி வளி. ஒரு கிராம் பெற்றோல் செம்மையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் வளி வேண்டும். 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய சிறிய எஞ்சினொன்று நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். நான்கடிப்பு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே ஒவ்வோர் உருளையும் மூச்சிழுக்கும். ஆகவே, உருளைகள் முற்றாக நிரம்பினால், அது நிமிடத்துக்கு 1200 லீற்றர் வளியை உட்கொள்ளும். கரையோரத்தின் 30 பாகை வெப்பத்தில் அவ்வளவு வளியின் நிறை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். அதனுடன் சேர்த்து எரிக்கக்கூடிய பெற்றோல் 95 கிராம் அளவே. மிதியை எவ்வளவு அழுத்தினும், வளி கூடாமல் வலு கூடாது.

கொல்லன் துருத்தி கொண்டு உலையை ஊதுவது எதற்காக? கரியை அதிகமாக்காமலே, வளியைத் திணித்து வெம்மையைப் பெருக்குவதற்காக. சுப்பர்சார்ஜர் எஞ்சினுக்குத் துருத்தியாகும். வெளியேயுள்ள வளியைப் பற்றி அமுக்கி உருளைகளுக்குள் செலுத்துவது அதன் தொழில். வளிமண்டல அமுக்கத்தின் மேல் இன்னும் பாதியளவு அமுக்கத்தை அது கூட்டிக் கொடுத்தால், 1200 கன சென்ரிமீற்றர் எஞ்சின் ஏறத்தாழ 1800 கன சென்ரிமீற்றர் எஞ்சின் போல் மூச்சுவிடும். அமுக்கப்பட்ட வளி சூடேறி விரியுமாதலால் அப்பயன் சற்றுக் குறையும். அச்சூட்டைத் தணிப்பதற்கே ‘இன்ரர்கூலர்’ என்னும் குளிராக்கியைப் பல கார்களில் இடையே அமைத்துள்ளனர்.

இவ்வமைப்பின் வரலாறும் துருத்தியிலிருந்தே தொடங்குகின்றது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர் 1860 ஆம் ஆண்டில் உரிமை பெற்ற காற்றூதி, இரும்பு உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றுச் செலுத்தப் பயன்பட்டது. ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரு சுழலிகளைக் கொண்ட அவ்வமைப்பே இன்றும் பல கார்களிலுள்ள சுப்பர்சார்ஜரின் மூதாதை. ஜேர்மனியின் கொற்லீப் டைம்லர், எஞ்சினுக்குள் வளியை அமுக்கிச் செலுத்தும் எண்ணத்துக்கு 1885 இல் உரிமை பெற்றார். 1921 இல் பேர்லின் கண்காட்சியில் மேர்சிடிஸ் நிறுவனம் சுப்பர்சார்ஜர் பூட்டிய கார்களை விற்பனைக்கு வைத்தது. அந்நிறுவனத்தின் பிற்காலக் கார்களின் பின்புறத்தில் ‘கொம்பிரசர்’ என்று பொறித்திருப்பதைக் கண்டோர் பலர். அச்சொல் இவ்வுறுப்பையே குறிக்கின்றது. 2012 இல் ஜப்பானில் வெளிவந்த நிசான் நோட் காரின் ஒரு வகையில், மூன்றே உருளைகள் கொண்ட 1.2 லீற்றர் எஞ்சினுக்கும் இத்துணை அளிக்கப்பட்டது.

‘டர்போ’ என்று மக்கள் அழைக்கும் உறுப்பும் இதே தொழிலைத்தான் செய்கின்றது. ஆனால் இரண்டும் வலுவைப் பெறும் இடம் வேறு. டர்போவைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகையும் குறைவு. ஆதலால் அது விழித்தெழச் சிறிது நேரம் செல்லும். சுப்பர்சார்ஜரையோ எஞ்சினே பெல்ற் மூலம் நேராகச் சுழற்றுகின்றது; அரிசி ஆலையில் மோட்டாரிலிருந்து குற்றும் பொறிக்குப் பெல்ற் ஓடுவது போல. எஞ்சின் சுழலத் தொடங்கும்போதே அதுவும் சுழலும். குறைந்த வேகத்திலேயே வலுவைத் தருவது அதன் சிறப்பு. டர்போ பூட்டிய கார் தொடக்கத்தில் சற்றே தயங்குவது அதன் இயல்பாக இருக்கலாம். சுப்பர்சார்ஜர் பூட்டிய கார் தொடக்கத்தில் தயங்கினால் அது குறையென்றே கொள்ளல் வேண்டும்.

2005 இல் வொக்ஸ்வாகன் நிறுவனம் இரண்டையும் ஒருங்கே பூட்டிய 1.4 லீற்றர் எஞ்சினை வெளியிட்டது. அதில் நிமிடத்துக்கு 2400 சுற்று வரை வலு வேண்டும்போது சுப்பர்சார்ஜர் ஊதும். 3500 சுற்றைக் கடந்ததும் டர்போ தனித்தே சுமக்கும். இவ்வமைப்பில் சுப்பர்சார்ஜர் உறங்கிவிட்டால், கார் தொடக்கத்தில் சோர்ந்து, வேகம் பிடித்தபின் நன்றாக ஓடும். “ஓடத் தொடங்கினால் குறையில்லை; எழும்பத்தான் மாட்டேன் என்கிறது” என்ற ஓட்டுநரின் முறைப்பாடு, எங்கே தேட வேண்டும் என்பதற்கு முதற் குறிப்பாகின்றது.

எனவே பரிசோதனையின் முதற்படி முறைப்பாட்டைச் செவிமடுத்தல். கருவியைக் கையிலெடுக்குமுன் சில வினாக்களுக்கு விடை பெறவேண்டும். தயக்கம் எப்போதும் உண்டா, எஞ்சின் சூடேறிய பின் மட்டுமா? குளிரூட்டி ஓடும்போது கூடுகின்றதா? திடீரென வந்ததா, மாதக்கணக்கில் வளர்ந்ததா? அண்மையில் யாரேனும் எஞ்சினில் கை வைத்தனரா? இவற்றுள் தலையாய வினா ஒன்றுண்டு: மிதியை அழுத்தும்போது எஞ்சினின் சுழற்சி ஏறுகின்றதா, ஏறவில்லையா?

சுழற்சி முள் விரைந்து ஏறியும் கார் மட்டும் பின்தங்கினால், எஞ்சின் வலுவைத் தருகின்றது. அவ்வலு சில்லைச் சென்று சேரவில்லை. கிளச் தேய்ந்து வழுக்கலாம். தானியங்கிக் கியர்ப் பெட்டியில் எண்ணெய் குறைந்திருக்கலாம் அல்லது அதன் உட்பட்டி வழுக்கலாம். இந்நிலையில் சுப்பர்சார்ஜரைத் தொடுவது வீண் வேலை. சுழற்சியும் ஏறாமல் காரும் எழாமல் இருந்தால் மட்டுமே எஞ்சின் பக்கம் திரும்பவேண்டும்.

திரும்புமுன் இலகுவான மூன்றைப் பார்த்துவிடுவது நன்று. முதலாவது, சிக்கன ஓட்டத்துக்கான பொத்தான். எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு மிதிக்கு எஞ்சின் மெதுவாகவே பதிலளிக்கும்படி செய்யும் பொத்தான் பல கார்களில் உண்டு. அது அழுத்தியபடி இருத்தலையே நோயென மயங்கியோர் உளர். இரண்டாவது, பிரேக். ஐந்தாறு கிலோமீற்றர் ஓடி நிறுத்தியபின் சில்லுகளின் அருகே புறங்கையைக் கொண்டுசென்றால், ஒன்று மட்டும் மிகையாகச் சுடுவதை உணரலாம். உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பற்றிக்கொண்ட பிரேக் அச்சில்லைப் பிடித்து நிறுத்துகின்றது என்பது அதன் பொருள். மூன்றாவது, ரயரின் காற்று. இம்மூன்றையும் பார்க்கக் காசு செலவில்லை.

இவற்றிலும் குறை காணாவிட்டால் அளவைக்கு வரவேண்டும். அண்மைக்காலக் கார்கள் பலவற்றில், எஞ்சினுக்குள் செல்லும் வளியின் அமுக்கத்தை அளக்கும் உணரியொன்று இருக்கின்றது. கராஜில் உள்ள ‘ஸ்கானர்’ கருவியைப் பொருத்தினால் அதன் கணக்கைத் திரையில் காணலாம். கருவி இல்லாதவிடத்து, குழாயில் பொருத்தும் அமுக்கமானி போதும். கரையோரத்தில் வாழ்வோருக்கு இதில் இயற்கை ஒரு வசதியைத் தந்திருக்கின்றது. கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 101 கிலோபஸ்கால். சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் பார்த்தால், கல்முனையில் உணரி 100 என்ற எண்ணை ஒட்டிக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் உணரியே பொய் சொல்கின்றது. எஞ்சின் சும்மா ஓடும்போது அவ்வெண் முப்பதுக்கும் நாற்பதுக்கும் அருகே இறங்கும். பின்னர், ஆளில்லாத தெருவில், தாழ்ந்த கியரில், மிதியை முழுவதும் அழுத்தும்போது அது நூறைத் தாண்டி ஏறவேண்டும்.

நூறைத் தாண்டுகின்றதா, இல்லையா என்ற இவ்வொரு வினா, தேடும் இடத்தை இரண்டாகப் பிரித்துவிடுகின்றது. தாண்டவில்லையெனில் துருத்தி ஊதவில்லை, அல்லது ஊதிய காற்று வழியில் சிந்துகின்றது. தாண்டுகின்றது, ஆயினும் கார் எழவில்லையெனில் துருத்தி தன் கடமையைச் செய்கின்றது. குறை வேறிடத்தில் உள்ளது. இதனை அறியாமல் உறுப்பை மாற்றுவது, இருட்டறையில் ஊசி தேடுவதற்கு ஒப்பாகும்.

முதலில், அமுக்கம் ஏறாத நிலையை நோக்குவோம். வளி உள்ளே வரும் வாயிலிலிருந்து தொடங்குவதே முறை. வளி வடிகட்டி அடைபட்டிருந்தால் துருத்திக்கு ஊதுவதற்கு ஒன்றுமில்லை. அம்பாறை மாவட்டத்தில் பெரும்போகமும் சிறுபோகமும் அறுவடையாகும் காலங்களில் வெட்டும் இயந்திரங்கள் எழுப்பும் தூசும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் பறக்கும் புழுதியும் வடிகட்டியை விரைவில் நிரப்பிவிடுகின்றன. நாட்காட்டியில் குறித்த தவணைக்குக் காத்திராமல், அறுவடைக்குப் பின் ஒருமுறை திறந்து பார்ப்பது இப்பகுதிக்கு ஏற்ற வழக்கமாகும். நெடுநாள் நிறுத்திவைத்த காரில், வடிகட்டிப் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருப்பதும் புதிதன்று.

அடுத்தது பெல்ற். அது வெடித்தோ, மினுமினுத்தோ, எண்ணெய் பட்டோ இருந்தால் வழுக்கும். அரிசி ஆலையில் பெல்ற் தளர்ந்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கக் குற்றும் பொறி சோர்வதை இப்பகுதியினர் அறிவர். இங்கும் அதே கதைதான். பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கும் உருளையின் வில் தளர்ந்துவிட்டால், புதிய பெல்ற்றும் வழுக்கவே செய்யும். வாடைக் காற்றுடன் வரும் மாரியில் தெரு வெள்ளத்தைக் கடந்தபின் மட்டும் சத்தமிட்டுத் தயங்கினால் பெல்ற்றையே முதலில் ஐயுறவேண்டும்.

மூன்றாவது, மின்காந்தக் கிளச். எல்லாச் சுப்பர்சார்ஜர்களிலும் இது இல்லை. இருப்பவற்றில், வலு தேவைப்படும்போது மட்டும் மின்சாரம் பாய்ந்து, காந்தம் தட்டைப் பற்றி இழுத்து, துருத்தியைச் சுழலச் செய்யும், தேவையற்றபோது விட்டுவிடும். பியூஸ் எரிந்தாலும், ரிலே பழுதானாலும், கம்பி இணைப்பில் பச்சைக் களிம்பு பிடித்தாலும் தட்டு ஒட்டாது. கடலோரக் கார்களில் இக்களிம்பு மிகச் சாதாரணம். சிறியதொரு சோதனை விளக்கைக் கொண்டு மின்சாரம் அவ்விடம் வரை வருகின்றதா என்று பார்த்துவிடலாம்.

நான்காவது, புறவழி வால்வு. கார் மெதுவாக, சுமையின்றி ஓடும்போது ஊதிய வளி வீணே திணிக்கப்படாமல் திரும்பிச் செல்வதற்கு ஒரு புறவழி உண்டு. மிதியை அழுத்தியதும் அவ்வழி மூடிக்கொள்ளவேண்டும். எண்ணெய்ப் பசையும் தூசும் சேர்ந்து கதவு முழுவதும் மூடாமல் நின்றுவிட்டால், துருத்தி ஊதுகின்ற வளி வட்டமிட்டுத் துருத்திக்கே திரும்பும். அடி ஓட்டையான வாளியில் நீர் இறைப்பது போன்ற நிலை இது. சுப்பர்சார்ஜர் செவ்வையாய்ச் சுழன்றும் அமுக்கம் பிறவாதபோது, சுப்பர்சார்ஜரைக் கழற்றுமுன் இக்கதவைக் கழற்றித் துடைத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

ஐந்தாவது, கசிவு. துருத்திக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள இறப்பர்க் குழாய்கள் வெப்பத்தால் விறைத்து வெடிக்கும். பிணைக்கும் வளையங்கள் தளரும். குழாயின் அடிப்புறத்து வெடிப்பு, நின்ற நிலையில் கண்ணுக்குத் தெரியாது. அமுக்கம் ஏறும்போது வாய் திறந்து சீறும். எண்ணெய்க் கறை படிந்த இடம் அநேகமாகக் கசிவின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இவ்வைந்தையும் கடந்த பின்னரே சுப்பர்சார்ஜரின் உட்புறம் ஐயத்துக்குரியதாகும். அது உண்மையிலேயே பழுதானால் பெரும்பாலும் ஊமையாக இருப்பதில்லை. தாங்கி தேய்ந்த ஒலி, அரைக்கும் ஓசை, எண்ணெய் ஒழுக்கு ஆகியவற்றால் தன் நோயைத் தானே சொல்லும்.

இனி, அமுக்கம் நூறைத் தாண்டியும் கார் எழாத நிலை. வளி இருக்கின்றது, அதனோடு சேரவேண்டிய பெற்றோலும் தீப்பொறியும் உரிய அளவில், உரிய வேளையில் வருகின்றனவா என்று காணவேண்டும். அமுக்கப்பட்ட வளியினூடே பொறி பாய்வது கடினம். சாதாரண எஞ்சினில் இன்னும் சில காலம் உழைக்கக்கூடிய தேய்ந்த ‘பிளக்’, இவ்வகை எஞ்சினில் சுமையேறும் தருணத்தில் தவறிவிடும். அப்போது கார் தயங்குவதோடு குலுங்கவும் செய்யும். பெற்றோல் பம்பி தளர்ந்தாலோ, வடிகட்டி அடைபட்டாலோ, சும்மா ஓடுகையில் குறை தெரியாது. மிதித்ததும் பசி வெளிப்படும்.

பெற்றோலின் தரமும் கவனிக்கத்தக்கது. இலங்கையில் 92 ஒக்டேன், 95 ஒக்டேன் முதலிய வகைப் பெற்றோல் விற்கப்படுகின்றது. காரின் கைநூல் உயர்ந்த வகையைக் கேட்டிருக்கத் தாழ்ந்த வகையை ஊற்றினால், அமுக்கப்பட்ட கலவை நேரத்துக்கு முன்னரே வெடிக்க முற்படும். அதனை உணரும் கருவி எஞ்சினைக் காப்பதற்காகப் பொறி பாயும் வேளையைப் பின்தள்ளும். எஞ்சின் தப்பும், வலு குறையும். நண்பகல் வெயிலில் இது மிகும். இன்ரர்கூலரின் முகத்தில் சேறும் பூச்சிகளும் அடைத்திருந்தால் அதுவும் இதே விளைவைத் தரும்.

வெளியேறும் வழி அடைபட்டாலும் எஞ்சின் மூச்சுத் திணறும். புகைக்குழாயிலுள்ள தூய்மையாக்கி உருகியோ நொறுங்கியோ அடைத்துக்கொண்டால், உள்ளே அமுக்கம் இருப்பதாக மானி காட்டும். ஆனால் வளியின் ஓட்டம் குன்றியிருக்கும். இத்தகைய கார் தொடக்கத்தை விட வேகம் கூடும்போதே அதிகம் திணறும் என்பது இதனைப் பிரித்தறியும் அடையாளம்.

ஸ்கானர் காட்டும் பிழைக் குறியீட்டைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். அக்குறியீடு சாட்சி மட்டுமே. ‘அமுக்கம் போதாது’ என்று அது சொன்னால், அமுக்கம் போதவில்லை என்பதே அதன் பொருள். எந்த உறுப்பை மாற்றவேண்டும் என்று அது சொல்லவில்லை. பெல்ற் வழுக்கினாலும், குழாய் வெடித்தாலும், கதவு மூடாவிட்டாலும் அதே குறியீடுதான் வரும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது தொழிலாளியின் கடமை.

இம்முறை யாங்ஙனம் பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. காலையில் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குக் குறையின்றிச் செல்லும் கார், நண்பகலில் திரும்பும்போது எழும்ப மறுக்கின்றது எனக் கொள்வோம். மறுநாட் காலையில் கராஜுக்குக் கொண்டுசென்றால் குறை தெரிவதில்லை. அவசரப்படுபவர் சுப்பர்சார்ஜரையோ உணரியையோ ஊகத்தில் மாற்றுவார். பொறுமையுள்ளவர், சூட்டில்தான் குறை வருகின்றது என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு, நண்பகலில் காரை ஓட்டி மானியைப் பார்ப்பார். காலையில் 140 காட்டிய எண் இப்போது 96 இல் நின்றுவிடுகின்றது. ஆகவே துருத்தி ஊதவில்லை. பெல்ற் நன்று, கதவு தூய்மை, குழாய் முழுமை. மின்காந்தக் கிளச்சுக்கு மின்சாரமும் வருகின்றது. ஆனால் தட்டு ஒட்டவில்லை. காரணம் யாது? சூடேறிய கம்பிச் சுருளின் தடை கூடுகின்றது. பாயும் மின்சாரமும் காந்தத்தின் வலிமையும் குறைகின்றன. தட்டு தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தமையால், வலிமை குறைந்த காந்தத்தால் அதை இழுக்க முடியவில்லை. காலைக் குளிர்ச்சியில் எட்டிய கை, நண்பகலில் எட்டவில்லை. இடைவெளியைச் சரிசெய்யும் வசதி இருந்தால் அதனைச் செய்தும், இல்லாவிடின் கிளச்சை மட்டும் மாற்றியும் காரை மீட்டுவிடலாம். சுப்பர்சார்ஜருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

சோதனையிலும் எச்சரிக்கை வேண்டும். ஓட்டுபவரே மானியையும் பார்ப்பது ஆபத்து. பக்கத்தில் இருப்பவர் எண்ணைப் படித்துக் குறித்துக்கொள்ளட்டும். பாடசாலை தொடங்கும், கலையும் வேளைகளிலும், ஜும்ஆ நாளில் தொழுகை முடிந்து மக்கள் தெருவுக்கு வரும் வேளையிலும் இச்சோதனை கூடாது. எஞ்சின் ஓடும்போது பெல்ற்றின் அருகே சாரன் நுனியோ, சட்டைக் கையோ, துணியோ செல்லலாகாது.

மருதமுனையின் நெசவாளர், துணியில் பிழை கண்டதும் தறியை விற்றுவிடுவதில்லை. நூல் அறுந்ததா, பாவு தளர்ந்ததா, பண்ணை பிசகியதா என்று ஓட்டத்தின் வழியே பின்னோக்கிச் சென்று இடத்தைக் காண்கின்றனர். எஞ்சினைத் திருத்தும் இளைஞரும் அவ்வாறே வளியின் வழியைப் பின்தொடர்ந்து செல்லலாம். கார் உடையோரும் கராஜில் ஒரு வினாவைத் தவறாமல் கேட்கலாம்: முழுவதும் மிதிக்கும்போது அமுக்கம் நூறைத் தாண்டுகின்றதா? அதற்கு அளந்து சொன்ன விடை கிடைத்த பின்பு பஞ்சிகாவத்தைக்குப் பயணம் புறப்படுவதா, வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.